இரண்டிலும் ஒரே சத்தம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறை சின்னது. கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு ஒரு பாய் விரிக்கத்தான் இடம் மிஞ்சும். அந்த அறையில் ஸ்டீரியோ வைக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்காகவே இருவரும் அம்பத்தூருக்கு ரயிலேறினோம்.

அங்கே ஒருவர் தன் கடையிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து விற்றுவந்தார். அறை எவ்வளவு பெரிது என்றுதான் முதலில் கேட்டார்.

"சின்ன ரூம்ல பெரிய பொட்டி வெச்சா செவுருதான் அதிரும் சார், பாட்டு கேக்காது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கருக்குத் தக்கன இருக்கணும். பவர் ஜாஸ்தியாப் போச்சுன்னா காயில் எரிஞ்சி பூடும்" என்றபடி, அலமாரியில் அடங்குகிற அளவில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். ஒரே பஜனைக் கேசட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார்.

முதல் ஜோடியில் பாட்டு கம்பளி போர்த்திக்கொண்டதுபோல் மந்தமாக இருந்தது. அடுத்ததில் ஜால்ரா பளிச்சென்று வந்து விழுந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் இவர்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா சார், தமாஷ் பண்றியா? இதுல ஜால்ரா எப்படி கணீர்னு கீது பாரு!"

"ஜால்ராவா? எங்க?"

இவர் கேட்ட விதத்தில் விளையாட்டு இல்லை. "யோசிச்சிட்டு வர்றோம்ண்ணே" என்று சொல்லி இவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் வழியெல்லாம் இவருக்குக் கோபம். "நல்லாத்தானே இருந்துச்சு. எதையாவது ஒண்ணை வாங்கியிருக்கலாம்ல?"

அதன் பிறகு வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் என் கண் இவர் முகத்துக்குத்தான் போனது. கதவைத் தட்டினால் எழுந்து போனார். கூப்பிட்டால் பதில் சொன்னார். அப்பாடா என்றிருக்கும். ஆனால் காலையில் டைம்பீஸ் கிணுகிணுத்தால் அசையாமல் கிடந்தார். அசதி என்று அதுவரை நினைத்திருந்தேன். இவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் போகும் சாலையில் லாரிக்கும் சைக்கிளுக்கும் நூலளவுதான் இடைவெளி இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் இவர் சைக்கிள் நுழைந்தபின் எனக்கு அடுப்பு வேலை ஓடாது.

ஒரு சாயங்காலம் இவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நிறுத்தியிருந்த சைக்கிளின் மணியை அடித்தேன். திரும்பவில்லை. மறுபடியும் விடாமல் அடித்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். இவர் குனிந்தபடியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னேன். நம்பவில்லை, கத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப, கடையில நெசமாவே ஜால்ரா இருந்துச்சா?"

காது டாக்டர் இவருக்கு ஹெட்ஃபோன் மாட்டிப் பரிசோதித்தார். கீச்சென்ற சத்தங்களை வாங்கும் நரம்பு பலவீனமாகிவிட்டது, காரணம் சொல்வதற்கில்லை, போனது திரும்பாது என்றார். இன்னும் குறையுமா என்று கேட்டேன். "வருஷா வருஷம் பாத்துக்குவோம்மா" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று இவருக்குப் பயம். ரோட்டில் ஏதாவது ஆகுமோ என்று எனக்கு. சைக்கிள் கடையில் சொல்லி ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டவைத்தேன். "இன்னா மாமே, பைக்காட்டம் கண்ணாடிலாம் வெச்சிக்கினு கீற?" என்று கூட வேலைசெய்கிறவர்கள் கேலி செய்தார்களாம். நான் கழற்றவிடவில்லை.

ஸ்டீரியோ பேச்சே நின்றுபோனது. இனி கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் இவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அம்பத்தூர் போவோம்" என்றார்.

கடையில் எதையும் மறைக்கவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் கேக்காதுங்க. இவதான் பாத்து எடுக்கணும்."

கடைக்காரர் உள்ளேயிருந்து வேறொரு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். அதில் இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக, கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழ் இருந்தது. பளிச்சென்று கேட்ட ஜோடியை அதில் இணைத்து, இவரை இடது ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்து, அந்தப் பக்கத்துக் குமிழை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டே போனார். எனக்குக் காது கூசியது. இவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"இருங்க இருங்க. மணல் கொட்டுற மாதிரி ஏதோ கேக்குது."

"அதான் சார் ஜால்ரா" என்றார் கடைக்காரர்.

இவர் முகத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அதையே கட்டச் சொன்னேன்.

ஒரு ஸ்பீக்கர் பீரோ மேல், இன்னொன்று கட்டில் தலைமாட்டில். கூர்மையான இடது பக்கம் இவருக்கு, மிதமான பக்கம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். காது இன்னும் குறைந்தால் இவர் இடது குமிழைக் கூட்டித்தானே ஆகவேண்டும்; நானோ அதன் வெள்ளைக்கோடு போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். பல வருஷம் அது பெரிதாக நகரவில்லை. இவரும் ஒரு கீறல் படாமல் ரிட்டயர் ஆனார். அப்படியும், அந்தப் பெட்டியில் ஓடிய பாட்டு ஒன்றையாவது நான் முழுசாகக் கேட்டதாக ஞாபகமில்லை.