பூட்டிய காட்சியகத்தில் ஒரு மதியம்

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி நாலைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. முப்பதைத் தாண்டியிருந்தேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் தோளையும் முட்டியையும் நீட்டி மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா யாராவது ஒருவரின் போட்டோவைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லாரும் கேள்விகளோடு வந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்களா, சமைக்கத் தெரியுமா, எந்த மாதிரிப் படம் பிடிக்கும். நானும் பதிலுக்குக் கேட்டேன். சொல்லிச் சொல்லி, என் வாயிலிருந்து வருவதெல்லாம் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய விவரம் மாதிரி எனக்கே கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தை மாதம் வந்த வரனுக்கு ஊர் கடலூர், செம்மண்டலம். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். எங்கே சந்திப்பது என்று கேட்க அவரே போன் செய்தார்.

“கோயில்னா தெரிஞ்சவங்க யாராவது வந்துடுவாங்க. ஹோட்டல்னா எதிரெதிர உக்காந்து ஒருத்தர் சாப்புடறத ஒருத்தர் பாக்கணும். அரிக்கமேட்டுப் பக்கம் ஒரு மியூசியம் இருக்குது. அங்க போலாமா? பாக்கறதுக்கு வேற ஏதாவது இருந்தா நல்லது.”

“வேற ஏதாவதுன்னா?”

“நம்மளத் தவிர.”

நான் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்காது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அரிக்கமேடு, கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மேடு. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் அது துறைமுகமாக இருந்தது. கிரேக்கத்திலிருந்தும் ரோமாபுரியிலிருந்தும் யவனர்கள் மதுச்சாடிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மணியும் துணியும் ஏற்றிக்கொண்டு போன இடம். இப்போது தோப்புக்கு நடுவே சில செங்கல் சுவர்கள் நிற்கின்றன, அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஓடு வேய்ந்த ஒரு பழைய பங்களாவில், அந்தப் பக்கம் தோண்டியபோது கிடைத்தவற்றில் சிலவற்றை வைத்திருந்தார்கள். இரண்டே கூடங்கள். பஸ்ஸில் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

காரை மாமா ஓட்டினார். அம்மாவின் தம்பி. எங்களை இறக்கிவிட்டுவிட்டு அவர் புதுச்சேரிக்குப் போவதாக ஏற்பாடு. புதுச்சேரியில் அவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

செம்மண்டலத்தில் சாலையோரம் மாப்பிள்ளை நின்றிருந்தார். தலையில் ஈரம் காயவில்லை. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கண்கள் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தன. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “கண்ணப் பாரு. ராத்திரி பழக்கம் ஏதாவது இருக்குமோ?” என்றார் மெதுவாக. அதைக் கேட்க அவரைவிடத் தகுதியானவர் வேறு யாருமில்லை.

மாப்பிள்ளை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “நைட் ஷிஃப்ட் மாமா. காலையிலதான் விட்டாங்க. அரவை சீசன்ல லீவு கேட்டா அடிப்பாங்க.”

கார் முழுக்க லேசாக வெல்லப்பாகு வாசனை. குளித்துவிட்டு வந்தும் போகவில்லை.

காட்சியகத்தில் எங்களைத் தவிர ஆளில்லை. காவலுக்கு ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாசல் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நல்ல குளிர்ச்சி. ஜன்னல்கள் எல்லாம் பலகை வைத்த பழைய ஜன்னல்கள். வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது.

முதல் கூடத்தில் மணிகள். பச்சை, சிவப்பு, நீலம். சிலவற்றைக் கடுகு என்றே சொல்லலாம், அவற்றிலும் ஓட்டை போட்டிருந்தார்கள். பானை ஓட்டுச் சில்லுகளில் யாரோ கீறி வைத்த பெயர்கள். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்தார். படித்ததையே மறுபடி படிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தூக்கம் கெட்டவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டாவது கூடத்தின் நடுவில் அந்தச் சாடி இருந்தது. என் இடுப்பு உயரம். இரண்டு பக்கமும் காது மாதிரிக் கைப்பிடி. அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் கூராக முடிந்தது. மணல் நிரப்பிய மரப்பெட்டியில் அதைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து மது நிரப்பி வந்ததாக இருக்கலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது.

“உடைஞ்சத ஒட்ட வெச்சிருக்காங்க,” என்றேன்.

“ஆமா. நல்லா ஒட்டியிருக்காங்க,” என்றார். பிறகு, “ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?”

சுவரோரம் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தார். அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டியில் மோதிரக்கல் ஒன்று இருந்தது. அதன் மேல் பூதக்கண்ணாடி. கல்லில் ஒரு முகம் செதுக்கியிருந்தது. சுருட்டை முடி, நேர் மூக்கு. அதைப் பற்றி ஏதோ சொல்லத் திரும்பினேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

சுவரில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்து, கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. என் எதிரில் வந்து உட்கார்ந்த ஆண்கள் யாருடைய கையையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எல்லாருமே கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள். கழுத்து மட்டும் மோசமான கோணத்தில் மடங்கியிருந்தது. அப்படியே விட்டால் சாயங்காலம் திருப்ப முடியாது. என் தொழில் புத்தி கேட்கவில்லை. துப்பட்டாவை எடுத்து நாலாக மடித்து, கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லச் செருகினேன். அவர் அசையவில்லை. “தண்ணி போதும்,” என்றார் தூக்கத்திலேயே. ஆலையில் யாருக்கோ சொல்கிறார்.

சற்று நேரத்தில் காவல்கார அம்மா சாவியோடு வந்தார்.

“மூடணும்மா. சாப்பாட்டு நேரம்.”

“தூங்கறாரு,” என்றேன். “நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தாரு.”

அந்த அம்மா கிட்டே வந்து அவரைப் பார்த்தார். “வூட்டுக்காரரா?”

“இல்லீங்க.”

“அப்ப?”

“இன்னும் முடிவாகல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதில் குற்றம் கண்டுபிடிக்கிற பார்வை இல்லை. “என் வூடு பின்னாலதான். வெளிய பூட்டிக்கினு போறேன். வந்து தெறக்கறேன். பரவால்லியா?”

“பரவால்லீங்க.”

“எதையும் தொடக் கூடாது.”

கதவு மூடியது. பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பயமாக இருக்க வேண்டும், இல்லையா? அப்படி எதுவும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்றுகூடத் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்து யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரு இடத்தில் இருந்தேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். சிவப்புத் தரை சில்லென்று இருந்தது. மணிகளிடம் போனேன், திரும்பி வந்தேன். சுடுமண் பொம்மை ஒன்றுக்குத் தலை இல்லை. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நின்ற விதத்தைப் பார்த்து, ‘உனக்கு முதுகு வலி வந்திருக்குமே’ என்று அதனிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். பாட்டு ஒன்று வாயில் வந்தது, அதையும் முணுமுணுத்தேன். சாடியிடம் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அதன் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். மண் வாசனையும் பழைய பீரோ வாசனையும். வேறொன்றும் இல்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்தேன். ஜன்னல் பலகை இடுக்கில் ஆற்றுக் காற்று வந்தது. அந்தக் கப்பல்காரர்கள் ஊர் திரும்ப, காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள் என்று சுவரில் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். அவர்கள் எங்கே தூங்கினார்கள்? இங்கே கரையில், கிடங்கு மாதிரி ஏதோ ஒன்றில், சரக்குக்கு நடுவே, பாஷை தெரியாத ஊரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பார்கள். மணி கோக்கிற பெண்கள் அவர்களைத் தாண்டி நடந்து போயிருப்பார்கள். எனக்குக் கண் சொருகியது. பெஞ்சில் தூங்குகிறவர் அவர்களில் ஒருவர் என்றும், காற்று இன்னும் திரும்பவில்லை, எழுப்ப வேண்டியதில்லை என்றும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தரையில் கிடந்த வெளிச்சக் கோடுகள் தண்ணீர் போல அசைந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்துக்குள் எப்போதோ, இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் யோசித்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது.

பூட்டு திறந்தது. காவல்கார அம்மா முந்தானையில் இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் இருந்தவர் பதறி எழுந்து, கழுத்தருகே இருந்த துப்பட்டாவைக் கையில் எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சாரிங்க,” என்றார்.

“பரவால்ல.”

கொய்யாவைக் கடித்துக்கொண்டே மேட்டுப் பக்கம் நடந்தோம். தோப்புக்குள் செங்கல் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. இரண்டு ஆடுகள் அதன் மேல் ஏறி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தன. அவர் ஒரு சுவரோரம் நின்றுவிட்டார்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றார். “நான் முழு நேரமும் தூங்கல.”

“தெரியலியே.”

“நீங்க அந்த ஜாடிகிட்ட குனிஞ்சு மோந்து பாத்தப்பவே முழிச்சிட்டேன். அதுக்கப்புறம் சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன். அப்பப்ப தெறந்து பாத்தேன்.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கம் இல்லை, கோபம். எத்தனையோ வருஷங்களில் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட என்னை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் ஆற்றை நோக்கி நடந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கரையில் ஒரு படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. பின்னால் காலடிச் சத்தம் வரும், சமாதானம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் அதே சுவரோரம், அதே இடத்தில், என் துப்பட்டா தோளில் கிடக்க, ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

நானே திரும்பிப் போனேன்.

“எழுந்திருக்க வேண்டியதுதானே?”

“எழுந்தா பேசணும். நீங்களும் உடனே ஒழுங்கா நிப்பீங்க. நீங்க தனியா நல்லா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல.”

“அப்ப எதுக்கு இப்ப சொன்னீங்க? சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது.”

“சொல்லலைன்னா நான் திருடிக்கினு போன மாதிரி இருக்கும்.”

துப்பட்டாவை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதில் வெல்லப்பாகு வாசனை ஏறியிருந்தது. “மாமாகிட்ட சரின்னு சொல்லிடட்டுமா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையை மட்டும் ஆட்டினார். எங்களுக்குள் நடந்த பெண் பார்க்கும் பேச்சு இவ்வளவுதான்.

மாமா வாயில் சோம்பு மென்றுகொண்டு, நல்ல சந்தோஷமாகத் திரும்பி வந்தார். ஸ்டியரிங் பக்கம் போனவரை இவர் மெதுவாகப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமா மறுக்கவில்லை. கடலூர்வரை இவரே ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கவனமாக ஓட்டினார். செம்மண்டலத்தில் இவருடைய அக்கா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். பொழுது சாய்ந்து மாமா தெளிந்த பிறகுதான் எங்களைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள்.

அம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“என்னா பேசினாரு?”

“ஒண்ணும் பேசலம்மா. தூங்கிட்டாரு.”

“உங்க அப்பாவுக்கு நான் பக்கத்துல இருக்கறப்போ அசந்து தூங்கறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு,” என்றாள் அம்மா. பிறகு இட்லித் தட்டில் துணி போட உள்ளே போனாள்.

அரவை முடிந்து வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான் இப்போது செம்மண்டலத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சீசன் நாட்களில் நான் கிளம்பும்போது அவர் வருவார், கேட்டருகே ஒரு நிமிஷம் நின்று பேசிக்கொள்வோம். அந்தக் காட்சியகத்துக்கு நாங்கள் மறுபடி போகவில்லை. அந்த மதியத்தைப் பற்றி எப்போதாவது பேச்சு வரும். நான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது என்று எனக்கு நல்ல ஞாபகம். சத்தம்கூடக் காதில் இருக்கிறது. தை மாசத்துல ஏது மழை, நல்ல வெயில் என்கிறார் அவர். அவர்தான் முழித்திருந்தார், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.