பருப்பு வேகாத வீடு

கல்யாணப் பத்திரிகை வந்தா மனுஷன் சந்தோஷப்படணும். போன வாரம் என் கொழுந்தன் செந்தில் ஒரு பத்திரிகையை மடியில வச்சுக்கிட்டு, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை, அவன் வீட்டுல வாடகைக்கு இருக்கிற பையன். அவனுக்குக் கல்யாணம்னா இவனுக்கு எங்க வலிக்குது? அதைச் சொல்லணும்னா ஒரு பிடி பருப்புல இருந்து ஆரம்பிக்கணும்.

செந்திலே ஆரப்பாளையத்துல வாடகை வீட்டுலதான் இருக்கான். முன் ரூம்ல அவன் பொண்டாட்டி கவிதா தையல் மிஷின் போட்டிருக்கா. பிளவுஸ் தைக்க அந்தத் தெருவே அவகிட்டதான் வரும். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு... இவன் செல்போன்ல வீடியோ பார்க்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

"மதினி, தூங்கிக்கிட்டே சம்பாதிக்கணும். அதான் பேசிவ் இன்கம்"னு ஒரு நாள் வந்து நின்னான். 'ஆபீஸ்ல இப்பவும் அதைத்தானே பண்றே'ன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

லோன் போட்டு சமயநல்லூர்ல ஒரு வீட்டை வாங்கிட்டான். மெயின் ரோடு பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம், ஸ்கூல் பக்கம் — வீடியோக்காரன் சொன்ன எல்லாமே பக்கம். போதாதுன்னு ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள நீலமும் பச்சையுமா கலர் லைட்டு, ரிமோட்ல சுத்துற ஃபேனு. வாசல்ல ஒரு போர்டு: 'வீடு வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்.'

வந்தாங்க. பார்த்தாங்க. "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்ணே"ன்னு போனாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

மாசக்கணக்கா வீடு காலி. ஆரப்பாளையத்துக்கு வாடகை, சமயநல்லூருக்குத் தவணை... ரெண்டையும் எம்புட்டு நாளைக்கு இழுக்கிறது? "சித்திரைக்குள்ள ஆள் வரலைன்னா நாமளே அங்க குடி போயிருவோம்"னுட்டான். கவிதா என்கிட்ட வந்து அழுதுட்டா. "ஒரு பிளவுஸ் தைக்க எவக்கா பஸ் ஏறி சமயநல்லூர் வருவா? கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்த கஸ்டமர் எல்லாம் போயிரும்க்கா."

எனக்கு அவன் மேல பத்திக்கிட்டு வந்துச்சு. தூங்கிக்கிட்டே சம்பாதிக்க நினைச்சவன், முழிச்சிருந்து சம்பாதிக்கிறவ பொழப்புல மண்ணள்ளிப் போடப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருதுன்னு தகவல். "நீங்களும் வாங்க மதினி, உங்களுக்குத்தான் பேசத் தெரியும்"னு என்னையும் கூட்டிட்டுப் போனான். வந்தது புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரு. அந்தம்மா கையில ஒரு பெரிய கட்டைப்பை.

செந்தில் லைட்டைப் போட்டுக் காட்டினான். ஃபேனைச் சுத்த விட்டான். அந்தம்மா ஏறெடுத்தும் பார்க்கல, நேரா அடுப்படிக்குப் போனாங்க. பைக்குள்ள இருந்து ஒரு கரண்டு அடுப்பு வெளிய வந்துச்சு. பின்னாடியே ஒரு குட்டிக் குக்கர். அப்புறம் ஒரு பிடி துவரம்பருப்பு.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. போன வீட்டுல பட்டது போதும்"னு சொல்லிட்டு, குழாயில தண்ணி பிடிச்சுப் பருப்பைப் போட்டு மூடிட்டாங்க.

வீடு பார்க்க வந்த இடத்துல சமையலா? எனக்கே திகைப்பு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி நாலு பேரும் குக்கரைச் சுத்தி நின்னோம். ஒரு விசில்... ரெண்டு விசில்... "இந்த சீலிங்கைப் பாத்தீங்கன்னா"ன்னு செந்தில் நடுவுல ஆரம்பிச்சான். "இருங்கண்ணே, விசில் கணக்கு தப்பிரும்"னு அந்தம்மா அடக்கிட்டாங்க.

ஆற விட்டுத் திறந்து, ஒரு பருப்பை விரலால நசுக்கிப் பார்த்தாங்க. ம்ஹூம். "நீங்களே பாருங்க"ன்னு ரெண்டு பருப்பை எடுத்து செந்தில் உள்ளங்கையில வச்சாங்க. போட்டது போட்டபடியே இருந்துச்சு.

"உப்புத் தண்ணிண்ணே. வீடு என்னமோ அரண்மனையாட்டம்தான் இருக்கு. பருப்பு வேகலையே."

"சமைக்கக் கேன் தண்ணி வாங்கிக்கலாம்மா..."

"சமைக்க வாங்கலாம். தலைக்குக் குளிக்க? எனக்கு இருக்கிறதே இம்புட்டு முடி, இதுல குளிச்சா அதுவும் கொட்டிரும்"னு கொண்டையைத் தொட்டுக் காட்டினாங்க. அது வரைக்கும் வாயே திறக்காத புருஷன், "அவ சொன்னாச் சரிண்ணே"ன்னு குக்கரைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டார்.

"ஏப்பா, வாங்கறதுக்கு முந்தி அந்தக் குழாயில ஒரு வாய் குடிச்சுப் பார்க்கலையா?"ன்னு கேட்டேன்.

"மோட்டார் போட்டுப் பார்த்தேன் மதினி. தண்ணி நல்லா வந்துச்சு."

வந்துச்சாம். அந்த வீட்டுக்குப் போறப்ப எல்லாம் ஆரப்பாளையத்துல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டு போயிருக்கான், புண்ணியவான்.

ஆகவே, வாடகைக்கு விட வீடு வாங்கப் போற புதுசுகளே... ஏரியா எப்படி, ரிட்டர்ன் எம்புட்டுன்னு நிதானமாக் கணக்குப் போடுங்க, வேணாம்னு சொல்லல. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி அந்தத் தண்ணியில ஒரு வேளை சமைச்சுச் சாப்பிடுங்க. சீலிங்கை அண்ணாந்து பார்க்கிறது வாங்கறவன் மட்டும்தான். குடி வர்றவங்க குழாயைத்தான் பார்ப்பாங்க.

சரி, நம்ம கதைக்கு வருவோம். உப்பை எடுக்க மிஷின் வைக்கலாம்னா அதுக்கு இன்னொரு லோன் போடணும். தலையில கை வச்சு உட்கார்ந்த புருஷனை கவிதா ஒரு பார்வை பார்த்தா. ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொன்னா: "அப்போ சமைக்காத ஆளாப் பாருங்க."

அம்புட்டுத்தான். போர்டுல 'ஃபேமிலிக்கு மட்டும்' அழிஞ்சுச்சு. அடுத்த வாரமே மூணு பசங்க வந்தாங்க. கம்பெனி வேலை, மூணு வேளையும் மெஸ் சாப்பாடு. முடிக் கவலையும் கிடையாது, மூணு பேருக்கும் ஒட்ட வெட்டின கிராப்பு. அடுப்படி எங்க இருக்குன்னுகூடக் கேட்கல. நெட்டு கிடைக்குதா, பரோட்டாக் கடை எம்புட்டுத் தூரம் — இதான் கேள்வி. கலர் லைட்டைப் பார்த்து ஒருத்தன் "செமயா இருக்குண்ணே"ன்னான். செந்திலுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சித்திரை வந்துச்சு, போச்சு. கவிதாவோட மிஷின் ஆரப்பாளையத்துலயே ஓடிக்கிட்டு இருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்கிறப்ப எல்லாம் எனக்கு அப்பாடான்னு இருக்கும்.

இப்போ பத்திரிகை குடுத்தானே, அந்த மாப்பிள்ளை இந்த மூணு பேர்ல ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் வேற ரூம் பார்த்துட்டாங்களாம். "கல்யாணத்துக்கு அப்புறமும் இதே வீடுதாண்ணே. இனி ஃபேமிலியாவே இருந்துக்கிறோம்"னு பூரிப்பாச் சொல்லிட்டுப் போயிருக்கான்.

"பொண்ணு சமைக்குமா மதினி?"ன்னு செந்தில் என்னைக் கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும்?

பேச்சை மாத்துவோம்னு, "கல்யாணத்துக்கு என்னப்பா வாங்கிக் குடுக்கலாம்?"னு கேட்டேன்.

முன் ரூம்ல தையல் மிஷின் சத்தம் நின்னுச்சு.

"என்ன வேணாலும் வாங்குங்கக்கா... குக்கர் மட்டும் வேணாம்."