விழாத பிரேக்கர்

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் விளங்காமல் வயரிங் வேலைக்கு வந்தவன் நான். மீட்டரை விட என் கையைத்தான் அதிகம் நம்புவேன். அந்தக் கைதான் கல்முனையில் ஒரு அரிசி மில்லில் என்னை மாட்டிவிட்டது.

மெயின் பிரேக்கரை டெஸ்ட் பண்ணி இன்சூரன்ஸுக்குப் பேப்பர் கொடுக்க வேண்டும். எண்ணூறு ஆம்ப். மில் முதலாளி ஹாஜியார் பெருமையாகச் சொன்னார்: "எங்கட பிரேக்கர் ஒரு நாளும் விழல்ல, பாஸ்."

ஷோர்ட் வந்தால் தானாக விழுந்து கரண்டை வெட்டுவதுதான் பிரேக்கரின் வேலை. விழ வேண்டிய நேரத்திலும் விழாமல் இருந்திருந்தால்?

மோட்டர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிரேக்கரின் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்தினேன். அசையவில்லை. மெஷின் பார்க்கும் ரபீக் பக்கத்தில் நின்றான். மில் ஓடும் நேரமெல்லாம் அவன் நிற்பது இந்தப் பெனலுக்கு இரண்டு முழம் தள்ளித்தான். கேபிளில் ஷோர்ட் வந்தால் இது லைனை வெட்டாது. நெருப்பு அவன் முகத்தில்தான் அடிக்கும்.

மூன்றாவது தடவை 'டக்' என்று விழுந்தது. அதன் பிறகு பத்துத் தடவை போட்டு எடுத்தேன். புது மாப்பிள்ளை மாதிரி சொன்ன சொல் கேட்டது.

"இந்தா வேலை செய்யுதுதானே! ஓகே எண்டு எழுதுங்க," என்றார் ஹாஜியார். "சவளக்கடை வயல்ல இரிந்து வந்த நெல்லு தொட்டிக்குள்ள ஊறுது. இண்டைக்கு அவிக்காட்டி புளிச்சி மணக்கும்."

பேனையை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. பிரேக்கரை வெளியே இழுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே தவிட்டுத் தூசியும் கிரீஸும் கலந்து தொதல் அல்வா மாதிரி இறுகிக் கிடந்தது.

"ஆரு இதப் பூசின? அவன்ட கைய முறிக்கணும்!" என்று கத்தினார் ஹாஜியார்.

லொறிச் சில்லுக்குப் போடுகிற கிரீஸ். போன முறை சேர்விஸ் செய்தவன், கூடப் போட்டால் நல்லது என்று இரண்டு விரலால் அள்ளி அப்பியிருந்தான். அவன் நான்தான். வாயை மூடிக்கொண்டு துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ரபீக்கைப் பார்த்தேன்.

"ஹாஜியார், அந்தக் கை இந்தா இரிக்கி."

ரபீக்தான் முதலில் வாய் திறந்தான். "லாபிர் காக்கா, அப்ப இவ்வளவு நாளும் நான் நிண்டது ஒங்கட கிரீஸ நம்பியா?"

"ஓம் மனே."

ஹாஜியார் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். "திருத்த எவ்வளவு நேரம்?"

"இதக் கழுவி எடுக்கலாம். சரியான கிரீஸ் கொழும்பில இரிந்து நாளைக்குத்தான் வரும்."

"அப்ப நெல்லு?"

நான் கிரீஸைச் சுரண்டத் தொடங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "புளிச்ச சோற நீதான் திங்கணும். ரபீக், தொட்டித் தண்ணியத் துறந்து உடு. இண்டைக்கு மில் இல்ல."

பேப்பரில் எழுதினேன்: முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. காரணம் என்ற இடத்தில் என் பெயர்.

வேலை பழகும் தம்பிமாரே, பழைய பிரேக்கரைப் போட்டுப் போட்டு எடுத்து இளக்கிவிட்டு டெஸ்ட் பண்ணாதீர்கள். தொட்டவுடன் முதல் தடவை என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். பதின்மூன்றாவது தடவை எல்லாப் பிரேக்கரும் நல்ல பிள்ளைதான். ஷோர்ட் வரும்போது அதற்குக் கிடைப்பது முதல் தடவை மட்டும்.