அஞ்சாவது ஓட்டை

அம்மாசிக்கு அருவருப்பு வந்தால் வாயைத் திறக்கமாட்டான். இடது புறங்கையால் மூக்கைத் தேய்ப்பான். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், மூக்கில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். போன வருஷம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அந்த மூக்கு வெளுத்த நாளே கிடையாது.

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையில் பிறந்தவன். அவன் அம்மா கன்னியம்மாவுக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக ஒரு தை அமாவாசையில் இவன் விழுந்தான், நின்றான்; அதனால் அம்மாசி. அவனுக்கு அடுத்தவள் சுப்பம்மா. அவள் புருஷன் கிண்டி ரேஸ் கோர்ஸில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவன். ஒருநாள் பெங்களூருக்குக் குதிரை ஏற்றிப் போன லாரியில் தானும் ஏறிப் போனான், திரும்பி வரவில்லை. அப்போது அவள் மகன் செந்தில்குமாருக்கு ஏழு மாசம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அந்த மடியை விட்டு அவன் அப்புறம் இறங்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

பெருவெள்ளம் குடிசைகளை வழித்துக்கொண்டு போனபிறகு, சர்க்கார் அண்ணன் குடும்பத்தையும் தங்கச்சி குடும்பத்தையும் பெரும்பாக்கத்து மாடிவீடுகளில் கொண்டுபோய் அடுக்கியது. அம்மாசி மட்டும் தினமும் பஸ் பிடித்து சைதாப்பேட்டைக்கே வருவான். அங்கே அவனுக்கு ஒரு தகரக் கொட்டகை. பழைய ஜெர்மன் கார் என்றால் மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் அவனைத்தான் தேடி வருவார்கள்.

செந்தில், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாலகணேஷ் அண்ணாச்சியிடம் டிரைவர். அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கம். மகனுடைய கல்யாண ஊர்வலத்துக்கென்று முப்பத்தைந்து வருஷத்து ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். செந்தில்தான் அதை மாமன் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். நல்ல கார். துரு இல்லை, அடி இல்லை. அதைப் பார்க்க எண் ஜோசியர் குருபிரசாத்தும் கூடவே வந்தார். இன்ஜினில் நாலு சிலிண்டர், சக்கரத்துக்கு நாலு போல்ட். நாலு ராகுவின் எண், ஆகவே ஆகாது என்றார். இன்ஜின் கல்யாணக் காரகன் சுக்கிரனுக்கு ஆறாகவேண்டும், போல்ட் அஞ்சாகவேண்டும். அண்ணாச்சி பிறந்தது இருபத்து மூன்றாம் தேதி, கூட்டினால் அஞ்சாம்.

“ஏன் சாமி, வண்டிக்கே சக்கரம் நாலுதான கீது. அத்த இன்னா பண்ணப் போறீங்கோ?” என்று கேட்டான் அம்மாசி.

“ஸ்டெப்னியோட அஞ்சு,” என்றார் குருபிரசாத், கண்ணைக்கூட இமைக்காமல்.

அம்மாசி மூக்கைத் தேய்த்தான்.

ஆறு சிலிண்டர் இன்ஜினை அண்ணாச்சியே ஏதோ காயலான் கடையில் பிடித்து அனுப்பிவைத்தார். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் செத்த எலி, அப்பளமாக. அடியில் ஆயில் சட்டியைக் கழற்றினான். ஆயில் வரவில்லை. பால் டீ மாதிரி ஒரு நுரை வந்தது, அதன் பின்னால் கறுப்புச் சேறு கொழகொழவென்று இறங்கியது. நாற்றத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளத்தில் முழுகிக் கிடந்த வண்டியின் இன்ஜின். அவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்தும், அம்மாவின் போட்டோவிலிருந்தும், செந்திலின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டிலிருந்தும் வழித்தெடுத்தானே, அதே ஆற்றுச் சேறு. வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை. பிளாக்கை காஸ்டிக் தண்ணீரில் வேகவைத்தான், சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தான், புது ரிங்கும் புது பேரிங்கும் போட்டான். மார்கழியில் செயின் பிளாக்கில் தூக்கி உட்காரவைத்துச் சாவியைத் திருகினான். ஒரே திருகில் பிடித்தது. அந்த ஒருநாள் சிரித்தான்.

மிச்சம் ஹப்பு. சக்கரம் போய் உட்காருகிற இரும்பு வட்டம் அது; போல்ட்டெல்லாம் அதில்தான் ஏறும். ஆறு சிலிண்டரின் இழுவைக்குப் பழைய ஹப்பும் பிரேக்கும் போதாது என்று அம்மாசிக்கே தெரியும். ஜோசியர் கோணல் காரணத்துக்கு நேரான வேலையைச் சொல்லியிருந்தார். அதே கம்பெனியின் பிந்திய மாடலில் அஞ்சு போல்ட் ஹப்பு உண்டு. பம்பாயில் சொல்லிவைத்திருந்தான். வருவதற்குத்தான் நாளாகும்.

தை பிறந்தது. ஒருநாள் செந்தில் ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே வெள்ளிப் பெயிண்ட் அடித்த நாலு ஹப்பு. போன வாரம் சாம்பிளுக்கு வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டு வாங்கிப் போன அதே பழைய ஹப்புகள்.

“இன்னாடா இது?”

“கிண்டில ஒரு லேத்துல குடுத்துட்டாரு மாமா. நாலு ஓட்டையையும் வெல்டு வச்சு அடைச்சு, புதுசா அஞ்சு ஓட்டை போட்டுக்கீறாங்கோ.”

அம்மாசி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினான். நல்ல ஹப்பு மணி மாதிரி கொஞ்சநேரம் பாடும். இது டொக் என்று சொல்லி அடங்கிவிட்டது.

“போய்க்கினே இருக்கும்போது சக்கரம் தனியா கயண்டுக்கும்டா. ஓட்டப்போறது நீ.”

“தெரியும் மாமா. மாட்டிடு. மெதுவா ஓட்டிக்கிறேன். மாட்டலேன்னா வேலைக்கே வராதன்னுட்டாரு. அம்மாக்கு இன்னா சொல்றது?”

“நாளைக்கு நான் உங்கம்மாக்கு இன்னாடா சொல்றது?”

செந்தில் காலிக் கோணியை உதறி மடித்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி இன்னோவாவில் வந்து இறங்கினார், கூடவே குருபிரசாத்.

“என்ன அம்மாசி, இன்னும் மாட்டலியா? முகூர்த்தத்துக்கு நாலு நாளுதான் கெடக்கு.”

“நாலுன்னு வாயால சொல்லாதீங்க சார்,” என்றார் குருபிரசாத். “மூணும் ஒண்ணும்னு சொல்லுங்க.”

“சரி, மூணும் ஒண்ணும் கெடக்கு.”

“நானே எங்கம்மாக்கு நாலாவது புள்ள சாமி,” என்றான் அம்மாசி. “என்னையும் வெல்டு வச்சு அடைச்சிடுவீங்களா?”

செந்தில் சிரித்துவிட்டான். முதலாளி முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“அண்ணாச்சி, இந்த ஹப்பு செத்துப்போச்சு. மாட்டினா ஆளு போயிடும். நாலு போல்ட் ஹப்பு ஒரு செட்டு நான் தேடித் தர்றேன். ஊர்வலத்துக்கு அது போதும். மேல அஞ்சு நட்டு வச்ச மூடி போட்டுக்கலாம். பாக்கறவன் அஞ்சுன்னுதான் எண்ணுவான்.”

“ராகு மூடியைப் பாத்து ஏமாறுவாரா?” என்றார் குருபிரசாத்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது,” என்றார் அண்ணாச்சி. “எப்படி மின்னுது பாரும். மாட்டும்.”

“சரி, மாட்றேன். மொதல்ல மகாபலிபுரம் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கணும். நீங்க முன்சீட்ல உக்காருங்க.”

அண்ணாச்சி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். “நான் எதுக்குவே? செந்தில் ஓட்டிப் பாக்கட்டும். நாங்க இன்னோவால பின்னால வாறோம்.”

“கல்யாண மாப்ள?” என்றான் அம்மாசி.

“அவனும் எங்ககூடத்தான் வருவான். ஊர்வலம்னா நடக்கிற வேகம்தானே. அப்ப ஏறிக்கிடுவான்.”

அப்படியானால் இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தால் மடையன் என்று விட்டுவிடலாம். தன் பிள்ளைக்கு நடக்கிற வேகம், சுப்பம்மா பிள்ளைக்கு மகாபலிபுரம் ரோடு என்று கணக்காக வைத்திருக்கிறார். அப்பளமான எலியும் அந்தச் சேறும் இதற்கு முன்னால் சந்தனம் என்று தோன்றியது அம்மாசிக்கு.

அவன் மூக்கைத் தேய்க்கவில்லை. ஹப்பை வைஸில் வைத்து இறுக்கினான். பெரிய சம்மட்டியை எடுத்தான். ஒரே அடி. வெல்டு வைத்த ஓரமாகவே விண்டுபோய், ஒரு துண்டு அண்ணாச்சியின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. வெள்ளிப் பெயிண்டுக்கு உள்ளே பொருக்குப் பொருக்காக, சொத்தைப் பல் மாதிரி இருந்தது.

“நல்லாத்தானே இருந்திச்சு! நீரு அடிச்சதாலல்லா ஒடஞ்சிச்சு!” என்று கத்தினார் அண்ணாச்சி.

குருபிரசாத் குனிந்து துண்டுகளை எண்ணினார். “ரெண்டு. சந்திரன். பரவாயில்லை.”

செந்தில் அந்தத் துண்டை எடுத்து விரலால் தடவினான். பொருக்கு உதிர்ந்தது. பிறகு பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினான்.

“நீங்களே ஓட்டுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் கை வரவில்லை. சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். செந்தில் சாவியை பானட்டின்மேல் வைத்தான்.

வேலை அந்த நிமிஷமே போனது. காரைத் தூக்கிப்போக லாரி வருவதற்குள் அம்மாசி மற்ற மூன்று ஹப்பையும் ஒவ்வொன்றாக வைஸில் வைத்து உடைத்துப்போட்டான். யாருடைய பிள்ளைக்கும் அதை மாட்டிவிடக் கூடாது.

பெரும்பாக்கத்தில் சுப்பம்மா மாடிப்படியில் நின்று கத்தியது எல்லா மாடிக்கும் கேட்டது. “எம்புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?” ஹப்பு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? செந்தில் எடுத்துச் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. செந்திலுக்குத் தரமணியில் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை கிடைத்தபிறகும் அவள் அண்ணனோடு பேசவில்லை.

செந்தில் கொண்டுவந்த உடைந்த துண்டை, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். பங்குனியில் ஒருநாள் வீடு பெருக்க அதைத் தூக்கியபோது கைதவறிக் கீழே விழுந்தது. இரும்பு, தரையில் விழுந்து இன்னும் இரண்டாகப் பிளந்தது. சுப்பம்மா துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அப்புறம் அந்தத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“இத்தயா அண்ணே எம்புள்ள வண்டில மாட்டச் சொன்னான்?”

“இத்தத்தான்.”

அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தி.நகர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அம்மாசி கையைக் காட்டினான். அந்தப் பக்கமாகக் காறித் துப்பினாள். ஏழு மாடி இறங்கிப் போய் அது யார்மேலோ விழுந்திருக்கவேண்டும். கீழேயிருந்து வசவு வந்தது. அண்ணனும் தங்கச்சியும் கேட்காதமாதிரி உள்ளே போய்விட்டார்கள்.