கருப்பருக்கு வைத்த கியூபாச் சுருட்டு

ரோவில் புறநகரில் இருந்த எங்கள் வீட்டின் சாமி அலமாரியில் ஒரு வாரம் ஓர் அழுகிய கால் இருந்தது. சுருட்டுப் பாக்கெட்டின்மேல் அச்சடித்திருந்த எச்சரிக்கைப் படம் அது. விரல்கள் கறுத்து, நகங்கள் கழன்ற பாதம். அம்மா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முருகனுக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் நடுவில் பாக்கெட்டை வைத்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கும்பிடச் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிடுவேன். பக்தி என்று நினைத்தார்கள்.

சுருட்டு எங்கள் குலதெய்வம் கருப்பருக்கு வாங்கியது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களுடன் தங்கியிருந்தார். நிரந்தர விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோயா என்று பார்க்கச் சளியை எடுத்துக்கொண்டு, எட்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை முடிவு வரும். நோய் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நானே இரண்டு முடிவுகளை வைத்துக்கொண்டேன். மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் மாமாவின் கால் அந்தப் படத்தில் இருப்பதைப்போல ஆகிவிடும்.

மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஹவானாவில் இறங்கி நடந்திருக்கிறார். பாக்கெட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"கியூபாதான்க்கா. ஆனா மெஷின்ல சுத்துனது. முழு இலை கிடையாது, உள்ள பூராம் வெட்டுத் தூளு."

"கடையில இருந்ததுலயே இதுதான்டா விலை கம்மி. கருப்பர் கோவிச்சுக்குவாரா?"

"அவரு கோவிக்க மாட்டாரு. இது அணைஞ்சு போகும்."

மாமா அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. கையால் சுற்றிய பெரிய சுருட்டு சுற்றுலா வருகிறவர்களுக்கு. பஸ்ஸுக்கு நிற்கிற உள்ளூர்க்காரன் இதைத்தான் பிடிப்பான் என்றார். விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சில் கவனம் போனால் அணைந்துவிடுமாம். எக்ஸ்ரே கடிதம் வந்த நாளோடு மாமா புகைப்பதை நிறுத்தியிருந்தார். ஆனாலும் பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். இருமல் வந்தது.

அம்மாவின் ஊரில் வழக்கம் இப்படி: பற்றவைத்த சுருட்டைக் கருப்பர் முன்னால் வைத்துவிட்டு எல்லாரும் விலகிவிட வேண்டும். சாமி சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. சுருட்டு அடிவரை எரிந்தால் அவர் ஏற்றுக்கொண்டார். பாதியில் அணைந்தால் வாக்குத் தரவில்லை. பற்றவைக்கும்போது வாயில் வைக்கக் கூடாது. எச்சில் பட்டது சாமிக்கு ஆகாது.

சனிக்கிழமை நாற்பது டிகிரி வெயில். வடக்கிலிருந்து காற்று அடித்தது. மாநிலம் முழுவதும் வெளியில் நெருப்பு மூட்டத் தடை. மூட்டினால் போலீஸ் வரும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்பா விதிகளை இரண்டு முறை படித்துவிட்டு, கற்பூரம் கூடாது, சுருட்டுக்குத் தடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். "விசா ஆபீஸ்ல கருப்பருக்கு யாரைத் தெரியும்?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். எலுமிச்சை மரத்தடியில் குங்குமம் வைத்த செங்கல், அதன் முன்னால் எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். அப்பா சுருட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, அடுப்பு லைட்டரால் நுனியைக் கருக்கி, தட்டில் வைத்தார். அம்மா எல்லாரையும் உள்ளே அழைத்துத் திரையை இழுத்துவிட்டாள்.

துணி துவைக்கும் அறையின் ஜன்னலுக்குத் திரை இல்லை. அங்கிருந்து எட்டிப் பார்த்தேன். புகை வரவில்லை.

வெளியே போனேன். முக்கால்வாசிச் சுருட்டு அப்படியே இருந்தது. நுனியில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. அது அணைந்தால் மாமா போய்விடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். எடுத்து வாயில் வைத்தேன். பல் படாமல் உதட்டால் மட்டும் பிடித்தேன். பல் படாவிட்டால் எச்சில் குறைவு என்று ஒரு கணக்கு. இழுத்தேன். நுனி சிவந்தது. தொண்டையில் மிளகாயை அரைத்துத் தடவியதுபோல இருந்தது. மறுபடி இழுத்தேன். செங்கல்லில் இருந்த குங்குமம் என்னைப் பார்ப்பதாகப் பட்டது.

"ஆரது அங்க? என்ன புகை மணக்குது?"

வேலிக்கு அப்பாலிருந்து யாழ்ப்பாணத்து அன்ரியின் குரல். அவருக்கு என்னைத் தெரியவில்லை, வேலி உயரம்.

"சாமிக்கு, அன்ரி."

"சாமிக்கோ? இண்டைக்கு நெருப்பு மூட்டக் கூடாதெண்டு அம்மாக்குத் தெரியாதோ? பொலிஸ் வந்தா என்ன சொல்லுவியள்?"

சுருட்டைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினேன். துவைக்கும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். தண்ணீரைத் திறந்து கழுவிவிட்டுப் படுக்கையில் போய் விழுந்தேன். வாந்தியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. சுருட்டு எப்படியும் அணையப்போகிறது. இப்போது அது எச்சிலும் ஆகிவிட்டது. இனி மாமாவைக் கருப்பரே இங்கே இருக்க விடமாட்டார். பின்பக்கக் கண்ணாடிக் கதவு நகரும் சத்தம் கேட்டது. வாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா சொன்னார். வெகுநேரம் கழித்துக் கதவு மறுபடி நகர்ந்தது. குளியலறையில் யாரோ பல் துலக்கினார்கள்.

"எல்லாரும் வாங்க" என்று அம்மா கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது. தட்டில் சாம்பலும் ஒரு விரற்கணு அளவு அடியும் மட்டும் இருந்தன. அம்மா செங்கல் முன்னால் விழுந்து கும்பிட்டாள். மாமா அந்தத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மெஷின் சுருட்டு கீழே கிடந்தபடி முழுசாக எரிந்து அவர் பார்த்ததில்லை. அடியில் இரண்டு பக்கமும் ஆழமாகப் பல் பதிந்திருந்தது.

"கருப்பருக்கு நல்ல பல்லு" என்றார்.

மாமா என்னைப் பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்தபடி படியிறங்கி வந்த அப்பாவைப் பார்த்தார்.

"என்ன அத்தான், இந்நேரத்துல பல்லு வெளக்கிட்டு?"

"வெயிலு. வாயெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு."

மாமா சுருட்டுத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டார். 'சுஸ்' என்ற சத்தம்கூட வரவில்லை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. பழைய தழும்பு, நோய் இல்லை. அம்மா பாக்கெட்டில் மீதியிருந்த நான்கு சுருட்டுகளையும் கருப்பருக்கே வைப்பதாக வேண்டிக்கொண்டாள். அப்பா முதன்முறையாக அதை மறுத்தும் பேசவில்லை, கிண்டலும் செய்யவில்லை.

எச்சில் பட்டதைச் சாமி கவனிக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். என்றைக்காவது கவனிப்பார் என்று பல வருடங்கள் பயம். நான் உதட்டால் மட்டுமே பிடித்தேன் என்பதும், அந்தப் பல் தடம் என்னுடையதாக இருக்க முடியாது என்பதும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்த வீட்டில் பயந்துபோய் இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.