பாலில் கலந்த அமுக்கரா

குவளையின் அடியில் பழுப்பு வண்டல் தங்கியிருந்தது. அத்தான் அதை விரலால் வழித்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் அக்காவைப் பார்த்தார்.

"என்னடி மருந்து வச்சே எனக்கு?"

அறுபதுகளின் தொடக்கம் அது. அத்தான் எங்கள் தீவின் துறைமுகத்திலிருந்து பாலம் கடந்து மலாயாவுக்குச் சரக்கு லாரி ஓட்டினார். கண் அசராமலிருக்க ஓட்டுநர்கள் வெள்ளை மாத்திரை ஒன்றை விழுங்குவார்கள். அவரும் விழுங்கினார். போகப் போக, ஓட்டாத நாளிலும் அது வேண்டியிருந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. அடுத்த அறைக்காரர்கள் தம்மைப் பற்றியே பேசுவதாகச் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் மருத்துவமனையில் பதிவு எழுத்தர். எந்த நோய்க்கு எந்த வரிசை என்று தூக்கத்திலும் சொல்வேன். பல்லுக்கு ஓர் அறை, கண்ணுக்கு ஓர் அறை. அபினுக்குக்கூட இடம் உண்டு. இந்த மாத்திரைக்கு மட்டும் வரிசை இல்லை. "நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். அதற்கு நாங்கள் அரை நாள் காத்திருந்தோம்.

அக்கா தேக்கா சந்தையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பாயிடம் போய் அழுதாள். அவர் அமுக்கராக் கிழங்குப் பொடியைக் கட்டிக் கொடுத்தார்.

"தூக்கம் வரும், பசி எடுக்கும் தங்கச்சி. மாத்திர ஆசைய எடுக்குமான்னு கேக்காத. நான் கடைக்காரன் லா."

அத்தான் பொட்டலத்தைப் பார்த்ததும், "ஆட்டுக்குப் போடு" என்றார். அதனால் அக்கா அதைப் பனங்கற்கண்டோடு பாலில் கலந்து, சொல்லாமல் கொடுத்தாள். சில இரவுகள் தூங்கினார். ஒருநாள் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொடியாலா, மாத்திரை கிடைக்காததாலா, தெரியாது. அக்கா சிரித்ததை அப்போதுதான் மறுபடி பார்த்தேன். அதற்குள் வண்டல் கண்ணில் பட்டுவிட்டது.

நம்மவர்களிடையே 'மருந்து வைப்பது' என்றால் குணப்படுத்துவது அல்ல. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள, அல்லது ஒரேயடியாக முடித்துவிட, சோற்றில் எதையாவது கலப்பது. இத்தனை நாள் சுவருக்குள் தேடிய எதிரியை அத்தான் அடுப்படியில் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது அதே கிழங்கைக் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் குளிகையாக்கி விற்கிறார்கள். போதைப் பழக்கத்துக்குக் கேட்குமா என்று என்னிடம் விசாரிப்பவர்களும் உண்டு. தெரியாது என்கிறேன். அத்தான் அந்த ஆண்டே ஜொகூர் சாலையில் லாரியோடு கவிழ்ந்து இறந்துபோனார். அதற்குள் அந்தப் பொடி அவர் வயிற்றுக்குள் போகவே வழியில்லாமல் போயிற்று. வண்டல் கண்ணில் பட்டு அந்த வழி அடைபட்ட பிற்பகலில் நான் அங்கே இருந்தேன்.

அக்கா அவர் கண்ணெதிரே பாலில் பொடியைக் கலக்கி, தானே ஒரே மூச்சில் குடித்தாள். பல நாள் கண் விழித்தவள், பாயில் சாய்ந்ததும் உறங்கிப்போனாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். அவள் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது.

"பாத்தீங்கல்ல? நான் சாகல."

"மாத்து மருந்த முன்னாடியே குடிச்சிருப்ப."

அக்கா எழுந்துபோய் மண்ணெண்ணெய் அடுப்பில் மறுபடி பாலை வைத்தாள். "இந்தத் தடவ நீங்களே கலக்குங்க" என்று திரும்பினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. எங்கள் இருவரில் ஒருவரும் அதை இறக்கி வைக்கவில்லை.