மூடுபனியில் ஏழாம் நம்பர்

நண்பரிடம் இரவல் வாங்கிய டெலி லென்ஸை இன்று குன்னூரில் பள்ளிப் பெண்களின் கால்பந்துப் போட்டியில் என் கேமராவில் போட்டுப் பார்த்தேன்.

பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. இங்கே அதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். விசில் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மாக்கள் குடையோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க, இவ்ளோ பெரிய லென்ஸ்ல தெரியுமில்லைங்க? ஏழாம் நம்பர் எம்பொண்ணுங்க. என்ன பண்றா?"

தெரிந்ததெல்லாம் வெள்ளைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, "பாப்பா நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லிக் கேட்டார்கள். நகர வழியில்லை.

"ஏழு இப்பப் பந்தோட முன்னால போகுதுங்க" என்றேன்.

பின்னால் ஒரு பெண்ணின் குரல்: "அம்மா, என்னை அப்பவே மாத்தி வெளிய அனுப்பிட்டாங்க. ஸ்வெட்டர் குடு."

நான் இன்னும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதையும் போனில் ஒரு கையால்தான் தட்டுகிறேன். குன்னூரில் யாராவது இருந்தால் வந்து என்னைக் கூட்டிப் போங்கள்.